ஆனந்த குமாரசுவாமி: கொழும்பு அவருக்குக் கொடுத்தது ஒரு வீதி

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் பொலிஸ் பதிவுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்குமாக மாதக்கணக்கில் காத்துக்கிடந்த எங்கள் சனத்தில் பலர் அந்தச் சிவன் கோயிலின் கருங்கல் மண்டபத்தில் ஒரு மாலையாவது உட்கார்ந்திருப்பார்கள். கொழும்பு வெயிலிலும் குளிர்ந்திருக்கும் தரை அது. 1857இல் பொன்னம்பல முதலியார் அமைத்த கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி முழுவதும் கருங்கல்லால் திருப்பணி செய்தார். 1912இல் அது நிறைவுபெற்றது. கோயில் நிற்கும் வீதிக்கும் இன்று இராமநாதனின் பெயர்தான்.

நான் எழுத வந்தது இராமநாதனைப் பற்றியல்ல, அவருடைய மாமன் மகனைப் பற்றி. கொச்சிக்கடையில் கல் செதுக்கத் தொடங்கிய அதே 1907இல், அந்த மாமன் மகன் இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, இலங்கையின் கைவினைஞர்களைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை அச்சிடத் தொடங்கினார். கலையையும் மரபையும் காக்கும் தேசிய நிலையம் ஒன்று என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி எங்கள் ஊடகங்களில் அவ்வப்போது வந்து போகிறது. அந்தக் கேள்வியை நூறு வருடங்களுக்கு முன்பே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஆனந்த குமாரசுவாமி. அவருடைய பெயரை எல்லோருக்கும் தெரியும். அவர் என்ன செய்தார் என்று கேட்டால் நடராசரைப் பற்றி எழுதினார் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

தகப்பன் சேர் முத்துக் குமாரசுவாமி, வடமராட்சியில் வேர்கொண்ட குடும்பத்தவர். லண்டனில் பாரிஸ்டராகி, இலங்கைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி 1863இல் வெளியிட்டார். 1874இல் சுத்தநிபாதத்தைப் பாளியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சைவத் தமிழர் பௌத்த நூலை மொழிபெயர்த்தது அன்று யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அவர் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். 1877 ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஆனந்தன் பிறந்தார். அதே வருடம் ஜனவரி முதலாம் திகதிதான் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. 1879இல் தாயும் பிள்ளையும் இங்கிலாந்துக்குப் போனார்கள். பின்னால் வரவிருந்த முத்துக் குமாரசுவாமி கப்பலேற முன்னரே அந்த மே மாதத்தில் இறந்துபோனார். தகப்பனின் முகம் நினைவில் தங்காத வயதில் பிள்ளை அந்நிய நாட்டில் வளர்ந்தது. இப்படியான வாழ்க்கை எங்கள் வாசகர்களுக்குப் புதிதல்ல. லாச்சப்பலிலும் ஸ்காபரோவிலும் அப்படி வளர்ந்த பிள்ளைகள் இப்போது ஏராளம்.

படித்தது கலையல்ல, புவிச்சரிதவியலும் தாவரவியலும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பட்டம் பெற்று, தாய்நாட்டுக்கு விஞ்ஞானியாகத் திரும்பினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வின் பணிப்பாளராக இருந்தார். பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த புதிய கனிமம் ஒன்றை உலகுக்கு அறிமுகப்படுத்தினார், பின்னர் அதற்கு தோரியனைட் என்று பெயர் வந்தது. அதோடு நின்றிருந்தால் இன்று புவிச்சரிதவியல் பாடப்புத்தகத்தின் ஒரு வரியில் இருந்திருப்பார்.

கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவருக்குக் கண்ணில் பட்டது மனிதர்கள். கண்டிப் பகுதியின் கொல்லர்கள், தட்டார்கள், மட்பாண்டம் வனைபவர்கள், விகாரைச் சுவரில் ஓவியம் தீட்டுபவர்கள், நெசவாளர்கள். அரசன் இருந்த காலத்தில் அவர்களுக்கு மானியக் காணி இருந்தது, அதற்குக் கைமாறாக விகாரைக்கும் அரண்மனைக்கும் வேலை செய்தார்கள். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு அந்த ஏற்பாடு மெல்ல மெல்ல உடைந்தது. வேலை கேட்பவர் இல்லை. இறக்குமதித் துணியும் தகரச் சாமானும் கடைக்கு வந்துவிட்டன. அவருடைய மனைவி எதெல் கிராமங்களில் புகைப்படம் எடுத்தார், தையலையும் நெசவையும் குறிப்பெடுத்தார். பிற்காலத்தில் எதெல் மெய்ரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெசவுக் கலைஞராக விளங்கியவர் இவர்தான்.

1905இல் ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். பழைய விகாரைகளையும் அம்பலங்களையும் பாழாக விடாதீர்கள், திருத்துகிறோம் என்று சொல்லித் தகரக் கூரை போட்டுக் கெடுக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் கொழும்புக் கனவான்களைக் கடுமையாகச் சாடினார். பாதி ஆங்கிலேயரான ஒருவர், ஆங்கிலேயராக வேஷம் போடாதீர்கள் என்று இலங்கையருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் பலருக்கே அது கசந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த ஆய்வுதான் 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை என்ற நூலாயிற்று. இங்கிலாந்தின் புரோட் கம்டன் கிராமத்தில் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தில், வில்லியம் மொறிஸ் தன்னுடைய புகழ்பெற்ற சோசர் நூலை அச்சிட்ட அதே இயந்திரத்தில் அது அச்சாயிற்று. பதினைந்து மாதம் எடுத்தது. வெளிவந்தவை 425 பிரதிகள். கையால் செய்தவர்களைப் பற்றிய நூலைக் கையச்சில்தான் போட வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம்.

சிங்களவரின் கைவினைக்கு உலக மேடையில் முதன்முதலாக மரியாதை தேடிக் கொடுத்த நூல் ஒரு தமிழரின் நூல். கண்டிக் கைவினைஞர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்து கலந்தவர்கள் இருந்ததையும் அந்நூலில் அவர் மறைக்கவில்லை. இன்று சிங்களப் பண்பாட்டின் அடையாளமாகப் பாடசாலைச் சுவர்களிலும் ஹோட்டல் கதவுகளிலும் காணும் அலங்கார வடிவங்களை வரைந்து, பெயர் சொல்லி, வகைப்படுத்தித் தந்ததில் அவருடைய பங்கு பெரியது. அந்த வடிவங்களைத் தூய்மையான ஓர் இனத்தின் சொத்தென்று மேடையில் பேசுபவர்கள் நூலைத் திறந்து பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

இதை எழுதினால் வரக்கூடிய பின்னூட்டம் எனக்குத் தெரியும். தகப்பன் பாளி நூலை மொழிபெயர்த்தார். மைத்துனர் இராமநாதன் 1915 கலவரத்துக்குப் பிறகு சிங்களத் தலைவர்களுக்காக லண்டன் வரை போய் வாதாடினார். இன்னொரு மைத்துனர் அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவராகி, இரண்டு வருடத்தில் மனமுடைந்து வெளியேறினார். ஆனந்தன் சிங்களக் கலையை எழுதினார். எல்லோரும் ஊருக்கு உழைத்து ஏமாந்தவர்கள், எங்களுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி. 1983ஐயும் 2009ஐயும் கடந்து வந்தவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேர்ச் சிற்பிகளுக்கோ பாய் இழைத்தவர்களுக்கோ வள்ளம் கட்டியவர்களுக்கோ அப்படியொரு நூலை அவர் எழுதவில்லை. வேறு யாரும் அந்த அளவில் எழுதவுமில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் காலியானபோது தேரைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. தேர் செய்யத் தெரிந்தவர்கள் போனார்கள். சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை.

ஆனால் எங்களுக்கு அவர் ஒன்றுமே செய்யவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 1907, 1908ஆம் ஆண்டுகளில் பொலன்னறுவைச் சிவாலயங்களில் தொல்பொருள் ஆணையாளர் பெல் நடத்திய அகழ்வில் சோழர் மரபு வெண்கலப் படிமங்கள் வெளிவந்தன. நடராசர், அம்மன், நாயன்மார். அவை கொழும்பு நூதனசாலைக்குப் போயின. அந்த நூதனசாலையின் வெண்கலங்களைப் பற்றி 1914இல் வெளிவந்த நூலை எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. இந்தத் தீவின் வரலாற்றில் சைவத்துக்கு இடமிருந்தது என்பதற்கு அந்தப் படிமங்கள் உலோகத்தாலான சாட்சி. அதை அரச நிறுவனத்தின் வெளியீட்டிலேயே பதிந்துவைத்தவர் அவர்.

சிவனின் நடனம் பற்றிய கட்டுரை 1912இல் சித்தாந்த தீபிகை என்ற சைவ சித்தாந்த இதழில் வந்தது. 1918இல் நியூயோர்க்கில் நூலாக வெளிவந்த பிறகு உலகம் நடராசரைப் பார்க்கும் பார்வையே மாறியது. அதற்கு முன் மேற்குலகினருக்கு அது நாலு கை வைத்த விநோதப் பொம்மை. திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் ஆதாரமாகக் காட்டி, தமிழ்ச் சைவர்கள் அந்த வடிவத்துக்குக் கொடுத்த பொருளை அவர் எடுத்துச் சொன்னார். 2004இல் ஜெனீவாவின் செர்ன் அணுவாராய்ச்சி மையத்தில் இந்தியா நிறுவிய நடராசர் சிலையின் கீழே பதித்த பலகையிலும் அவருடைய வாசகம் இருக்கிறது. சுவிஸில் வாழும் எங்கள் ஆட்கள் போய்ப் பார்க்கலாம், தூரமில்லை.

இனி, தேசிய நிலையம் பற்றிய கதை.

1910 ஜனவரியில் லண்டனில் நடந்த கூட்டமொன்றில், இந்தியக் கைவினைகளைப் பற்றி அதிகாரத்தோடு பேசிவந்த சேர் ஜோர்ஜ் பேர்ட்வூட், இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று இல்லை என்றார். ஜாவாவைச் சேர்ந்த தியானப் புத்தர் படிமம் ஒன்றைக் கொழுப்புச் சேர்த்து அவித்த இனிப்புப் பண்டத்தோடு ஒப்பிட்டார். அந்த அவமதிப்புக்குப் பதிலாகத்தான் அதே வருடம் இந்தியா சொசைட்டி உருவானது, ஹவெல், ரோதன்ஸ்ரைன் ஆகியோரோடு ஆனந்த குமாரசுவாமியும் அதில் முன்நின்றார். அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய அலகாபாத் கண்காட்சியின் கலைப்பகுதி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்காக வட இந்தியா முழுக்க அலைந்தார். ராஜபுத்திர ஓவியங்கள் அப்போது சந்தையில் அடிவிலைக்குப் போய்க்கொண்டிருந்தன. முகலாய ஓவியத்தின் நாட்டுப்புற நகல் என்று நினைத்து ஒதுக்கியிருந்தார்கள். அவர் வாங்கிச் சேர்த்தார், ஆராய்ந்தார், அது தனி மரபு என்று 1916இல் இரண்டு தொகுதி நூலாக நிறுவினார்.

சேர்த்ததைத் தன் சொத்தாக வைத்திருக்க அவர் நினைக்கவில்லை. காசியில் ஒரு தேசியக் கலைக்கூடம் கட்டுங்கள், முழுச் சேகரிப்பையும் தருகிறேன் என்று கேட்டார். அவர் வேண்டியது பொருட்களைக் கண்ணாடிக்குள் பூட்டிவைக்கும் கட்டடம் மட்டுமல்ல. பொருளும், அதைப் பற்றிய படிப்பும், அதைச் செய்யும் கைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒன்று. இந்தியாவில் செல்வந்தர்கள் இருந்தார்கள், மகாராஜாக்கள் இருந்தார்கள், சுதேசி இயக்கத்தின் சூடும் இருந்தது. பணம் வரவில்லை. அந்நியத் துணியை எரித்தவர்களுக்குச் சொந்த நாட்டு ஓவியத்தைக் காப்பாற்றுவது அவசரமாகத் தோன்றவில்லை. இந்தக் கோபத்தை அவர் 1912இலேயே கலையும் சுதேசியமும் என்ற நூலில் கொட்டியிருந்தார். வெள்ளைக்காரனின் ஆலையை விட்டுவிட்டு அதே சாமானைச் செய்ய உள்ளூரில் ஆலை போட்டால் அது என்ன விடுதலை என்பது அவருடைய வாதம்.

முதலாம் உலகப் போர் வந்தது. பிரித்தானியாவுக்காக இந்தியர்கள் சண்டைக்குப் போவதை அவர் எதிர்த்தார். இங்கிலாந்தில் இருக்க முடியாத நிலை. 1917இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் புரவலர் டென்மன் றொஸ் சேகரிப்பை விலைக்கு வாங்கி அந்த நூதனசாலைக்குக் கொடுத்தார். சேகரிப்போடு ஆனந்த குமாரசுவாமியும் போனார், இந்தியக் கலைப் பிரிவின் முதல் பொறுப்பாளராக. நாற்பது வயதில் போனவர் முப்பது வருடம் அங்கேயே வேலை செய்தார். காசிக்கென்று நினைத்த ஓவியங்களைப் பார்க்க இன்று அமெரிக்க விசா வேண்டும்.

பொஸ்ரனில் அவருடைய குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதப் பலருக்கு ஆசை. நான்கு திருமணம், ஒரு மனைவி இரத்தினதேவி என்ற பெயரில் இந்திய இசை பாடியவர், ஒரு மனைவி நடனக்காரி. அதை இங்கே விடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உலகின் பெரிய நூதனசாலை ஒன்றில் சம்பளம் வாங்கிக்கொண்டே, நூதனசாலை என்பது எதற்கு என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கலைப் பொருட்களை ஏன் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற கேள்வியையே ஒரு நூலின் தலைப்பாக்கினார். அங்கிருக்கும் எந்தப் பொருளும் நூதனசாலைக்கென்று செய்யப்பட்டதல்ல என்பது அவருடைய அடிப்படை. படிமம் கும்பிடுவதற்கு, குடம் தண்ணீர் மொள்ள, சேலை உடுக்க. உபயோகம் தெரியாமல் அழகைப் பார்ப்பது அரைகுறைப் பார்வை. பழைய பொருட்களைக் காப்பது நூதனசாலையின் கடமை என்று ஒத்துக்கொண்டார், ஆனால் பார்க்க வருபவரை ரசிக்கவைப்பதோடு அது முடிந்துவிடக் கூடாது என்றார். அந்தப் பொருளைச் செய்த சமூகம் என்ன நம்பியது, ஏன் அப்படிச் செய்தது என்று கற்பிக்க வேண்டும். இலங்கைத் தமிழில் நாங்கள் பாவிக்கும் நூதனசாலை என்ற சொல்லையே அவர் ரசித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நூதனம் பார்க்கப் போகும் இடம் என்றுதானே அது சொல்கிறது.

1947 ஓகஸ்ட் 22ஆம் திகதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. ஒரு வாரம் முன்புதான் இந்தியா விடுதலை பெற்றிருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று அடுத்த வருடம் இந்தியாவுக்குப் போய் இருக்கப்போவதாக நண்பர்களிடம் சொன்னார். செப்டெம்பர் 9ஆம் திகதி பொஸ்ரனுக்கு அருகே நீதம் என்ற ஊரில் வீட்டிலேயே இறந்தார். ஊருக்குத் திரும்புவேன் என்று சொல்லிச் சொல்லியே வெளிநாட்டில் கண்மூடியவர்களின் வரிசையில் அவரும் ஒருவர்.

அவருடைய கடதாசிகளுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தேடிப் பார்த்தேன். ஒரு பெரும் பகுதி அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இன்னொரு பகுதி டெல்லியில், இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில். 1985இல் கபிலா வாத்ஸ்யாயன் முன்னின்று உருவாக்கிய அந்த மையம் 1988இல் அவருடைய கடிதத் தொகுப்பை வெளியிட்டுத் தொடங்கி, அவருடைய நூல்களை வரிசையாகப் பதிப்பித்தது. காசியில் அவர் கேட்ட கலைக்கூடத்துக்கு ஏறத்தாழ எழுபது வருடம் பிந்திக் கிடைத்த பதில் என்று அதைச் சொல்லலாம். ஒரு தேசிய நிலையம் செய்யக்கூடிய மிகச் சாதாரணமான, மிகத் தேவையான வேலை இது. சேர்ப்பது, பட்டியலிடுவது, அச்சிடுவது, கேட்பவருக்குக் காட்டுவது.

யாழ்ப்பாணத்திலும் அவருடைய பெயரில் ஒரு நூற்தொகுதி இருந்தது. பொதுசன நூலகத்தில். 1981 ஜூன் முதலாம் திகதி இரவு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தபோது அதுவும் எரிந்தது. கண்டியின் தட்டாரையும் கொல்லரையும் உலகுக்குக் காட்டியவரின் பெயரைத் தாங்கிய புத்தகங்களைச் சாம்பலாக்கியவர்கள், யாருடைய புத்தகங்களை எரிக்கிறோம் என்று தெரிந்து எரிக்கவில்லை.

கொழும்பில் அவருக்கு ஒரு வீதி இருக்கிறது. முன்பு கிறீன் பாத், பிறகு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. தேசிய கலாபவனமும் 2011இல் திறந்த தாமரைத் தடாக அரங்கும் அந்த வீதியில்தான். நடைபாதையோரமாக ஓவியர்கள் தங்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்பார்கள். அவருடைய கணக்கில் அந்த நடைபாதைக்காரர்களுக்குத்தான் முதலிடம் கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்தில் புல்லுக்குளத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்திருக்கும் பதினொரு மாடிக் கலாசார மையத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். 2023 பெப்ரவரியில் அது கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டியபோது யாழ்ப்பாணம் என்ற சொல் எங்கே போயிற்று என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. பெயருக்காகப் பத்திரிகைகளில் செலவழித்த இடத்தில் பாதியையாவது உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதற்குச் செலவழித்திருக்கலாம். வன்னியில் கூத்து மத்தளம் கட்டத் தெரிந்த முதியவருக்கு அங்கே ஒரு அறை கிடைக்குமா? இடப்பெயர்வில் தொலைந்த அண்ணாவிமாரின் கொப்பிகளை, மிஞ்சியிருப்பதையாவது, பிரதி எடுத்துப் பட்டியலிட ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்களா? தேர்ச் சிற்பி ஒருவர் மாணவர் இருவரோடு ஒரு வருடம் அங்கிருந்து வேலை செய்யலாமா? மண்டபத்தை வாடகைக்கு விடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

கட்டடமோ அரசோ இல்லாமல் இந்த வேலையைச் செய்தவர் ஒருவரும் இருக்கிறார். மலாயாவில் குவாந்தானில் ஆசிரியராக இருந்த துரைராஜசிங்கம். ஆனந்த குமாரசுவாமி உயிரோடு இருக்கும்போதே அவரைப் பற்றிய விபரங்களைச் சேர்க்கத் தொடங்கி, அவருக்கே கடிதம் எழுதிக் கேட்டார். பதில் வந்தது. தன் வாழ்க்கை வரலாற்றில் தனக்கு அக்கறை இல்லை, பிரபலமானவர்களின் சொந்த வாழ்க்கையை ஊருக்குச் சொல்வது அநாகரிகமான வேலை என்று அதில் மறுத்திருந்தார். வாத்தியார் விடவில்லை. பல தசாப்தங்களாக உலகெங்கும் கடிதம் எழுதி, நினைவுகளையும் நூல்விபரங்களையும் படங்களையும் திரட்டி, தன் செலவிலேயே புத்தகம் புத்தகமாக வெளியிட்டார். 1977இல் பிரின்ஸ்ரனிலிருந்து றோஜர் லிப்சியின் மூன்று தொகுதிகள் வெளிவருவதற்கு முன், ஆனந்த குமாரசுவாமியைத் தேடிய எவரும் அந்த ஆசிரியரின் புத்தகங்களைத்தான் முதலில் திறக்க வேண்டியிருந்தது.